குமிழி வரும் நேரம்

"டிவியில விளம்பரத்தைத் தடுத்து வெச்சியே, அதை எடுத்துடுடா," என்றாள் அக்கா.

தன் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்த தம்பி வாயைப் பிளந்தான். "உங்க டிவியில எது வரணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!"

"அதான் முடிவு பண்ணிட்டேன். சோப்பு விளம்பரத்துல குமிழி மிதந்து வருமே, அது வேணும்."

"சோப்பு வாங்கவா?"

"இல்லடா." அவள் பையின் காதைத் திருகினாள். "படம் ஓடுறப்ப உங்க மாமா கண்ணெடுக்க மாட்டாரு. விளம்பரம் வந்தாத்தான் என் பக்கம் திரும்பி ரெண்டு வார்த்தை பேசுவாரு. ஒரு வாரமா வீடே ஊமையாக் கிடக்கு."

தம்பி சிரித்துவிட்டான். "காலையிலேயே மாமா வந்து எடுக்கச் சொல்லிட்டாரு. நான் இங்கிருந்தே எடுத்தும் விட்டுட்டேன். காரணம் கேட்டா மனுஷன் வெட்கப்படுறாரு!"

அன்று மாலை, பாதிப் படத்தில் திரையெங்கும் குமிழிகள் மிதந்தன. கூடமே மெல்ல மேலெழும்புவதுபோல் இருந்தது அவளுக்கு. கணவர் திரும்பினார்.

"போன வாரம் மாடி வீட்டுக்காரி கதையைப் பாதியில விட்டியே, அப்புறம் என்ன ஆச்சு?"

விளம்பரத்தைத் தாண்டிப்போக உதவும் பொத்தான் திரையின் ஓரத்தில் மின்னியது. ரிமோட்டை இருவருமே தேடவில்லை.