மஞ்சள் கைப்பிடி

பம்பு ஓடுகிறது. குளிரவைக்கும் தண்ணீர் வரவில்லை.

பெயிண்டுக்குப் பிசின் காய்ச்சும் கெட்டிலின் சூடு தொண்ணூற்றாறு. நூற்றிருபதைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஐந்து டன்னும் கல்லாகிவிடும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து முதல் ஷிப்ட். பைப்புகளில் வைத்த சந்தனம் இன்னும் உதிரவில்லை.

எல்லோரும் தண்ணீர்ப் பைப்பின் பட்டர்ஃப்ளை வால்வை அண்ணாந்து பார்த்தார்கள். கைப்பிடி பைப்போடு நீளவாக்கில் படுத்திருந்தது. படுத்திருந்தால் உள்ளே தட்டு திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கம்பெனியில் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும்.

பெருக்குகிறவள் வில்லியனூர் கிறிஸ்டினா. ஐடிஐ ஃபிட்டர். இரண்டு வருடமாகக் கையில் துடைப்பம். இந்த மாதம் ஓர் ஆப்பரேட்டர் வேலை காலி. அவள் மனுவை இன்ஜினியர் தமிழ்க்குமரன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

நூற்றிரண்டு.

"வால்வு தொறந்துதான் சார் இருக்குது. பம்புதான் பூடுச்சு," என்றார் ஆப்பரேட்டர் அருள்முருகன்.

பம்பை நிறுத்தச் சொல்லித் தமிழ்க்குமரன் கையைத் தூக்கினார்.

கிறிஸ்டினா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இரண்டிரண்டு படியாகத் தாவி மேடை ஏறினாள். நெஞ்சு அடித்தது. பயத்தில் இல்லை.

கைப்பிடியை அவள் நம்பவில்லை. அதன் நடுவில் தெரிந்த தண்டின் தலையைத் தேடினாள். அதில் ஒரு கோடு வெட்டியிருக்கும். உள்ளே தட்டு எந்தப் பக்கமோ, கோடும் அந்தப் பக்கம். கைப்பிடியை எப்படி வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். கோடு பொய் சொல்லாது.

கோடு பைப்புக்குக் குறுக்கே கிடந்தது.

"ஏய், மூடாதடி! இன்னா பண்ற?" கீழேயிருந்து அருள்முருகன் கத்தினார்.

பிடியின் நாக்கை அழுத்தி, கால் சுற்று இழுத்தாள். கைப்பிடி குறுக்கே வந்து நின்றது.

பைப் உதறியது. காலடியில் மேடை அதிர்ந்தது. தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

"வந்துடுச்சு!" கிறிஸ்டினா மேடையிலேயே குதித்தாள்.

சூடு காட்டும் முள் நூற்றெட்டில் தயங்கி நின்றது. நூற்றேழு. நூற்றைந்து.

கீழே விசில் பறந்தது. அருள்முருகன் மேடை ஏறி வந்து, தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்தார்.

"நாளையிலேர்ந்து நீ இந்த லைன்ல நில்லும்மா," என்றார் தமிழ்க்குமரன். பிறகு புது மஞ்சள் பெயிண்டில் மின்னிய கைப்பிடியை முறைத்தார். "பூஜைக்குப் பெயிண்ட் அடிக்கக் கழட்டி, இதைத் திருப்பி மாட்டுன முண்டம் யாரு?"



கிறிஸ்டினா சிரித்தபடியே கையுறை கேட்டாள். ஆப்பரேட்டர் என்றால் கையுறை உண்டு. சீக்கிரம் மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று நாளாக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணிலிருந்து அந்த மஞ்சள் போகவில்லை.