மொட்டைப் பெட்டிசம்

"இஞ்சாருங்கோ, உங்கடை பெரிய கிளாக்கருக்கு வயசு ஐம்பத்திமூண்டெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

கௌரி புருசன் சிவானந்தனின் காதுக்குள் கேட்டாள்.

கொட்டாஞ்சேனைச் சிவன் கோவில் மண்டபத்தில் பெரிய கிளாக்கர் ஏகப்பன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி கோமளவல்லி. குருக்கள்மார் இருவர் தலையிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அறுபதாங் கலியாணம்.

கம்பெனியில் ஐம்பத்தைந்து ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மனுசன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஏழு வயதை விழுங்கியிருக்கிறார் பாருங்கள்!

ஏகப்பன் இவர்களைக் கண்டுவிட்டார். திடுக்கிடுவார் என்று பார்த்தால், வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்க தம்பி. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். ஆபீசுல மட்டும் சொல்லிடாதீங்க. பையன் டாக்டருக்குப் படிச்சு முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு."

சாப்பிட்டார்கள். பாயசம் இரண்டு தரம்.

அது முப்பத்தோராம் ஆண்டு. தேயிலையும் ரப்பரும் விலை விழுந்து கொழும்புக் கோட்டைக் கம்பெனிகளெல்லாம் ஆட்டங்கண்டிருந்த நேரம். மாத முடிவில் ஒரு கிளாக்கரை நிறுத்தப்போவதாகத் துரை அறிவித்திருந்தார். கடைசியாகச் சேர்ந்தவன் சிவானந்தன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், அதிலொன்று கைக்குழந்தை.

கோட்டையில் கம்பெனி வேலை என்றால் அந்த நாளில் அதற்கிருந்த மதிப்பே வேறு. காலையில் கோட்டும் தொப்பியுமாக வெள்ளவத்தையில் ரயிலேறி, கடற்காற்று வாங்கிக்கொண்டே போய் இறங்குகிற சுகம் இருக்கிறதே, இனி யாருக்கு வாய்க்கப்போகிறது? மத்தியானமானால் ஏகப்பன் தன் சாப்பாட்டை இவன் மேசைக்கே கொண்டுவந்துவிடுவார். "தம்பி, உப்பு சரியா பாருங்க" என்று பாதியை இவன் தட்டில் தள்ளுவார். எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கௌரி தொடங்கினாள்.

"அவர் போனால் ஒராள் குறையுந்தானே. பிறகேன் உங்களை நிப்பாட்டப்போறாங்கள்?"

"சாப்பிட்ட கை இன்னும் காயேல்லை, கௌரி."

"பிள்ளையளின்ரை வயித்தையும் ஒருக்கால் நினைச்சுப் பாருங்கோ."

நினைத்துப் பார்த்தான். இரண்டு நாள் நினைத்தான். மூன்றாம் நாள், பெரிய கிளாக்கர் வயதைக் குறைத்துச் சொல்லி வேலை பார்க்கிறார் என்று துரைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெட்டிசம் எழுதினான். எழுத்தைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதினான். அடியில் பேர் போடவில்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டு, காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டான்.

திரும்பிப் போனபோது ஆபீஸ் முழுக்க ஒரே கதை. துரைக்கு வயது விஷயம் தெரிந்துவிட்டதாம். மாத முடிவோடு ஏகப்பன் போகிறாராம்.

அவரே இவன் மேசைக்கு வந்தார்.

"துரைகிட்டக் கேட்டுட்டேன் தம்பி. உங்களை நிறுத்தலை. வீட்ல போய்ச் சொல்லுங்க. அந்தப் பிள்ளை பயந்துபோய் இருக்கும், பாவம்."

சிவானந்தன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பான்?

ஏகப்பன் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுக் கொலன்னாவையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டான். மகன் படிப்பைப் பாதியில் விட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியொன்றில் மருந்து கலக்கப் போனானாம். ஒருதரம் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைப்பான். 'பொய் சொன்ன மனுசன்தானே' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இருந்துவிடுவான். அப்படியே அவர் செத்தும் போனார். செத்த வீட்டுக்கும் இவன் போகவில்லை.

பதினாறு வருசம் ஓடியது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தொடங்கிய அந்த நாற்பத்தேழில், சிவானந்தன் பெரிய கிளாக்கர் ஆனான்.

முதல் நாள் காலையில் பியோன் ஜாபிர் ஒரு கட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"என்ன இது?"

"தொரைக்கு வந்த காயிதம் ஐயா. நீங்க ஒடச்சுப் பாத்த பொறகுதான் தொரைட மேசைக்குப் போற."

"இதென்ன புதுப் பழக்கம்?"

"புதிசில்ல ஐயா. ஏகப்பன் ஐயாட காலத்துலயும் இப்பிடித்தான். ஒரு காயிதமும் அவர்ட கை படாம உள்ளுக்குப் போகாது."

இவ்வளவு காலமும் பின்கட்டில் கப்பல் பகுதியில் கிடந்தவனுக்கு முன்பக்கத்து நடைமுறை எங்கே தெரியும்? அப்படியென்றால் அன்றைக்குத் தான் போட்ட பெட்டிசத்தை முதலில் உடைத்தவர் ஏகப்பன்தான். கிழித்துக் கூடைக்குள் போட்டிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திராது. அவர் வேலை நிலைத்திருக்கும். மகன் டாக்டராகியிருப்பான். இவன் தெருவுக்கு வந்திருப்பான்.

எழுந்து போய் அலுமாரியைத் திறந்தான். ஏகப்பனின் பழைய பைலைத் தேடி எடுத்தான். கடைசித் தாள் இவனுடைய பெட்டிசம்தான்.

இவன் பேர் போடாமல் விட்ட இடத்தில் ஏகப்பனின் அழகான ஆங்கில எழுத்து இருந்தது.

'மேலே எழுதியிருப்பது முழுக்க உண்மை. எழுதியவர் யாரென்று தேட வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரர். இப்படிக்கு, ஏகப்பன்.'