ஐடாவை எங்கே நிறுத்துவது

நோயல் குளிக்கப் போனதும் பியூலா அவன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

ஐடாவை வெளியே தள்ளப் பத்து நிமிஷம் போதும்.

ஐடா பெங்களூரில் நோயலின் ஆபீஸ்காரி. மாரிகுப்பத்திலிருந்து தினமும் அவனோடு ஒரே ரயிலில் போய் வருகிறவள். இந்தப் பழைய விளையாட்டை அவனுக்கு ஏற்றிக் கொடுத்தவளும் அவள்தான். ஆறு பேர் வரைக்கும் கூட்டுச் சேர்ந்து, வாளும் மந்திரமுமாகப் பூமிக்கடியில் லெவல் லெவலாக இறங்கி, பூதங்களோடு சண்டை போடவேண்டும்.

அதோடு விட்டாளா? அதற்கு மாட் என்று ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டுக்கொண்டால் நமக்குத் தெரிந்தவர்களின் முகம், பெயர், பேச்சு எல்லாவற்றையும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிடலாமாம். அதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

இப்போது நோயலின் கூட்டத்தில் ரயில் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். எட்மண்ட் கையில் கோடாலி. கோவிந்தன் எந்தப் பூட்டையும் திறப்பான். ஐடா மந்திரக்காரி.

மந்திரக்காரி ஒரு அடிகூடத் தாங்கமாட்டாளாம். அதனால் அவளுக்கு எப்போதும் கடைசி இடம், நோயலின் கேடயத்துக்குப் பின்னால்.

"அவுங்க மேல ஒரு கீறல் படாம பாத்துக்கறீங்க. காலையில நான் கையில எண்ணெய் சுட்டுக்கினேனே, இன்னா ஏதுன்னு கேட்டீங்களா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை பியூலா கேட்டே விட்டாள்.

அவன் சிரித்தான். விளையாட்டுதானே என்றான்.

ஆறில் இரண்டு இடம் காலியாகவே கிடந்தது. அதைத்தான் பியூலாவால் பொறுக்கமுடியவில்லை. கட்டினவளுக்கு அதில் ஒன்றைக் கொடுக்கத் தோன்றவில்லையே.

யாரைச் சொல்வது, இந்த வீட்டுப் பழக்கமே அப்படி. கல்யாணத்தன்று மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது மாமியார் மரியகுழந்தை மாப்பிள்ளையை ஒரு ஆட்டோவிலும் பெண்ணை இன்னொரு ஆட்டோவிலும் ஏற்றி அனுப்பினாள். பட்டுப்புடவையும் மாலையுமாகப் பியூலா தனியாக வந்து இறங்கினாள். இன்றைக்கும் நோயல் முதல் வண்டியில் போனால் அவன் அண்ணன் டென்சில் அடுத்த வண்டியில்தான் போகவேண்டும். பெற்ற பிள்ளைகளைக்கூட ஒட்டவிடாத வயிற்றெரிச்சல் என்று பியூலா தன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

லைன் வீட்டில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் நடு அறை வரைக்கும் கேட்கும். கேட்டுக்கொண்டிருந்தது.

ஆட்டத்தில் எல்லாரும் கீழே இறங்குவதற்கு முன் சத்திரத்தில் நின்றிருந்தார்கள். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியும்.

ஐடாவின் முகத்தை அழுத்தினாள். இவரை அனுப்பிவிடலாமா என்று கேட்டது. அனுப்பினாள்.

ஐடா கூட்டத்தை விட்டு விலகி, மெல்ல நடந்து, சுவரோரமாகப் போய் நின்றாள்.

பியூலாவின் நெஞ்சு குளிர்ந்ததே, பாருங்கள், அப்படி ஒரு குளிர்ச்சி.

அந்தச் சுவரோரத்தில், போன ஞாயிற்றுக்கிழமை யாருமே இல்லாத இடத்தில், ஏற்கெனவே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் டென்சில். இன்னொருத்தி பட்டுப்புடவையும் மாலையுமாக அவளேதான்.

அப்படியானால் சேர்த்திருக்கிறான். சேர்த்து, அண்ணனோடு ஓரமாக மூட்டை மாதிரி இறக்கி வைத்திருக்கிறான்.

குளிர்ந்த நெஞ்சு மறுபடி எரிந்தது. ஐடாவின் இடத்தில் தன்னைப் போட்டு இறக்கிவிடுவது என்று தன் முகத்தையே அழுத்தினாள்.

எழுத்துகள் வந்தன. அவள் சொல்வதாக நோயல் தட்டிவைத்த பேச்சு. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"ஒரு வூட்டு ஆளுங்க ரெண்டு பேரு ஒரே கேஜ்ல எறங்கக் கூடாது. நீங்க போயிட்டு வாங்க. நான் மேல இருக்கறேன்."

கேஜ் என்றால் இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற கூண்டு. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இந்த ஆட்டத்தில் எல்லாரும் படியில்தான் இறங்குவார்கள். கேஜே கிடையாது.

பியூலா தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள்.

சுரங்கத்தில் வேலை பார்த்த மாமனாரின் படம். பக்கத்தில், அங்கேயே வேலை பார்த்த அவருடைய தம்பியின் படம். ஒன்றுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினால் இன்னொன்றுக்கும் ஏற்றவேண்டும் என்பாள் மாமியார். வாராவாரம் பியூலா துடைக்கிற படங்கள்தான்.

இரண்டுக்கும் கீழே ஒரே தேதி.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவள் அவசரமாக ஐடாவைத் திரும்பக் கூட்டத்தில் சேர்த்தாள். தன்னை டென்சிலின் பக்கத்தில், மேலேயே விட்டாள்.

தாழ்ப்பாள் திறப்பதற்குள் இன்னும் ஒரே ஒரு வேலை செய்தாள்.

ஐடாவை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள்.