வாய் திறக்காத ஆமாம்

தவேயுனித் தீவின் மருத்துவ நிலையத்தில், காலை வெயில் சன்னல் வலை வழியாக அலுமிதாவின் மடியில் விழுகிறது. ரத்த அழுத்தம் பார்க்க அவள் கையில் பட்டையைச் சுற்றுகிறேன். காதோரம் முடி கொத்தாகக் கொட்டி, தோல் தெரிகிறது. தூக்கமில்லை, சாப்பிட்டது தங்குவதில்லை என்று சொன்னதுகூட அவள் இல்லை. வாசலில் சாய்ந்து நிற்கும் அவள் புருஷன் சகேயாசிதான். "வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். சோம்பேறித்தனத்துக்கு ஊசி இருந்தா போட்டு அனுப்புங்க." வெளி பெஞ்சில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அலுமிதாவும் சிரிக்கிறாள். என் விரலுக்கடியில் அவள் நாடி படபடக்கிறது.

அளவு எகிறித்தான் நிற்கிறது. மாத்திரை வாங்கிவர அவனை அனுப்பிவிட்டுக் குனிந்து கேட்கிறேன். "அடிக்கிறானா?" அவள் முகம் அசையவில்லை. நர்ஸ் பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. அடுத்ததை நானாகவே கேட்கிறேன். "பேசிப் பேசியே கொல்றானா?" எங்கள் ஃபிஜியில் ஆமாம் என்பதற்கு வாய் வேண்டாம், புருவம் போதும். அவளுடைய இரண்டு புருவங்களும் மெல்ல உயர்ந்து இறங்குகின்றன. பட்டையைக் கழற்றாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். "கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்காவது போயேன்டி..." நான் முடிப்பதற்குள் சகேயாசி வந்துவிடுகிறான். மாத்திரையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். "இது எங்கிட்டயே இருக்கட்டும் சிஸ்டர். இவ மண்டையில எதுவும் நிக்காது. என்னடி, நான் சொல்றது சரிதானே?"

என்னைப் பார்த்தபடியே, அலுமிதா புருவத்தைத் தூக்குகிறாள்.