செஞ்சியில் கருப்பு வெள்ளி

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கருப்புன்னு பேரு வெக்கலாமாடி? கேக்கறப்பவே அபசகுனமா இருக்குது" என்று போனில் புலம்பினாள் அமிர்தவல்லி.

"ம்மா, அது அமெரிக்காவுல வெச்ச பேரு" என்றாள் மகள் தமிழினி. சென்னையிலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தாள். "அங்க நவம்பர்ல ஒரு பெரிய விருந்து நாள் வரும். மறுநாள் வெள்ளிக்கிழமை, கிறிஸ்துமஸுக்குச் சாமான் வாங்க ஊரே ரோட்டுல எறங்கிடும். கூட்டத்த சமாளிக்க முடியாம போலீஸ்காரங்க கடுப்புல வெச்ச பேரு. அதையே கடைக்காரங்க புடிச்சிக்கினாங்க. இப்ப உலகம் பூரா அன்னிக்குத் தள்ளுபடிதான்."

"அப்ப கடுப்பு வெள்ளின்னு சொல்லு."

"நைனா வந்துட்டாரா?"

அதுதான் அமிர்தவல்லியின் கவலையே. தீபாவளிக்குக் கொட்டிய மழையில் ராஜகிரிக் கோட்டைக் குரங்குகளே குடை தேடின. மனிதர்கள் எங்கே ஜவுளிக்கடைக்கு வருவது? எடுத்துவைத்த சரக்கு அப்படியே கிடந்தது. இன்றும் விற்காவிட்டால் பொங்கலுக்குக் கடை இருக்காது.

தமிழினிதான் இந்தத் தள்ளுபடி யோசனை சொன்னாள். பேனரையும் அவளே கம்ப்யூட்டரில் செய்து, நேராகத் திண்டிவனம் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டாள். கூட்டு ரோட்டில் ஒன்றை அவர்களே வந்து கட்டிவிட்டார்கள். கடை வாசலுக்கு இன்னொன்றும், கொஞ்சம் கட்டைப்பையும் வாங்கிவர, கணவர் கலியபெருமாள் இருட்டோடு முதல் பஸ் ஏறிப் போனவர். இன்னும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அவருடைய பிரஷர் மாத்திரை அட்டை கல்லா மேல் அப்படியே கிடந்தது.

முதலில் வந்தவள் பூக்காரி அம்மாக்கண்ணு. ஓசியில் ஓர் இதழ்கூட உதிர்க்காதவள், கைகொள்ளாத மல்லிகையை மேசைமேல் வைத்தாள்.

"காசு இன்னா காசு. இன்னிக்கு நெறைய வெச்சிக்கம்மா."

அமிர்தவல்லியின் கன்னத்தைத் தடவிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்து டீக்கடை துரைக்கண்ணு. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

"எப்பம்மா எடுக்கறது?"

"எப்ப வேணா எடுக்கலாம்ணே. சாயங்காலத்துக்குள்ள பூராத்தையும் எடுத்துட்டா எனக்கு நிம்மதி."

துரைக்கண்ணு ஒரு கணம் திகைத்தார். "பொண்ணு வரவேணாமா?"

"அவ வந்துக்கினே இருக்கறா. அவளுக்கோசரம் எதுக்கு நிறுத்தணும்?"

"தைரியமான பொம்பளம்மா நீ" என்று தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வேட்டி குடு. நல்லதா குடு."

அதன்பிறகு வந்தது பாருங்கள் கூட்டம்! வல்லத்திலிருந்து ஒரு வேன், அனந்தபுரத்திலிருந்து ஒரு டிராக்டர். கோட்டையைப் பிடிக்க வந்த படைகூட இவ்வளவு இருந்திருக்காது. ஆனால் ஒருவர்கூடச் சட்டைப் பக்கம் திரும்பவில்லை. எல்லோருக்கும் வேட்டி. வெள்ளை வேட்டி. பேரம் பேசவில்லை. வாங்கியவர்கள் வீட்டுக்கும் போகவில்லை. வேட்டியும் கையுமாகத் தெருவிலேயே நின்று, குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அலமாரி காலியாகக் காலியாக அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மறுபடி போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

அப்போதுதான் வாசலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"நேத்துகூட நல்லாத்தான்யா பேசிக்கினு இருந்தாரு."

அமிர்தவல்லி கையிலிருந்த வேட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். ஓர் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலையுடன் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, யாருக்குண்ணே மாலை? என் ஊட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு? திண்டிவனம் பஸ்ஸுக்கு இன்னா ஆச்சு? யாராவது வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

மாலைக்காரர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். துரைக்கண்ணு மட்டும் மெதுவாக, "ஒனக்கே தெரியாதாம்மா?" என்றார்.

அவ்வளவுதான். மாத்திரை அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி அமிர்தவல்லி படியில் சரிந்தாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் அம்மாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தாள். மேல்மலையனூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"யம்மாடி! இன்னாடி இது, இவ்ளோ கூட்டம்!"

ஒப்பாரி பாதியில் அறுந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மாலை தரையில் விழுந்தது. தலையில் கட்டைப்பைக் கட்டும், கக்கத்தில் சுருட்டிய பேனருமாக, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார் கலியபெருமாள்.

"பஸ்ஸு வழியிலயே பஞ்சரு. போன்ல சார்ஜும் இல்ல. டென்ஷனாயிட்டியா? ஆமா, வேட்டியெல்லாம் காலியா? அமெரிக்கா அமெரிக்காதான்டி!"

அமிர்தவல்லி எழுந்து அவர் கையைக் கிள்ளிப் பார்த்தாள். அவர் அலறிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"யோவ்!" துரைக்கண்ணு கையிலிருந்த வேட்டியை நீட்டினார். "இந்த வேட்டியெல்லாம் நீ செத்துட்டன்னு ஒனக்குப் போட வாங்கின கோடிய்யா! கூட்டு ரோட்டுல அவ்ளோ பெருசா போட்டுட்டு, எங்கள இன்னா நெனைக்கச் சொல்ற?"

"அந்தப் பேனருக்கு இன்னா? என் பொண்ணு அமெரிக்கா கணக்கா போட்டிருப்பா. நானே இன்னும் பாக்கல" என்று கக்கத்துப் பேனரை உதறி விரித்தார்.

ஓரத்தில் எறும்பு எழுத்தில் தள்ளுபடி இருக்கத்தான் செய்தது. மற்றபடி ஒரே கருப்பு. நடுவில் கருப்பு வெள்ளைப் படத்தில் கலியபெருமாள் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பியிருந்தார். தலைக்கு மேல் 'கருப்பு வெள்ளி', காலுக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'இன்றே கடைசி'.