தொட்டி மூடியும் குட்டி லேப்டாப்பும்

“சார், பார்சல். பொட்டி இவ்ளோ பெருசா இருக்கு, கனமே இல்லையே. உள்ள என்ன சார்?”

“லேப்டாப் மேல ஒட்டுற பில்டர்” என்று கையெழுத்துப் போட்டார் எழுத்தாளர். அந்த வாரத்தில் கூரியர்காரருக்கு இது நான்காவது நடை. லிப்ட் வேலை செய்யாத வாரம் வேறு.

எழுத்தாளர் என்பது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கேலியாக வைத்த பெயர். உண்மையில் அவருக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஒரு கல்யாண வீட்டில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும், “என்னோட அம்பதாவது பிறந்த நாளைக்கு எங்க வீட்டுலேருந்து ஒரு நாவல் வருதா இல்லையா பாருங்க” என்று சவால் விட்டுவிட்டார். ரயிலில் போய்க்கொண்டே எழுதினால்தான் கற்பனை ஓடும் என்பது அவர் கட்சி. அதற்காகவே ஒரு கிலோகூட இல்லாத குட்டி லேப்டாப் வாங்கியாயிற்று. பிறந்த நாளுக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது.

“லேப்டாப் ஒரு கிலோ. அதுக்கு வாங்கின சாமான் நாலு கிலோ இருக்கும் போலிருக்கே” என்றாள் மனைவி.

அவள் சாப்பாட்டு மேஜையில் அவருடைய பழைய லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அதற்கு பேட்டரி செத்துவிட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஒரு கீ கழன்று விழுந்துவிட்டதால் அந்த எழுத்தைப் பேனா மூடியால் குத்தித்தான் அடிக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவளுக்கு இது போதும் என்று அவர்தான் தள்ளிவிட்டிருந்தார்.

“உனக்குப் புரியாது. ரயில்ல பக்கத்து சீட்காரன் எட்டிப் பாத்தான்னா கதை போச்சு. இந்த பில்டர் ஒட்டிட்டா சைடுலேருந்து பாக்குறவனுக்கு ஒண்ணுமே தெரியாது.”

“நேரா பாத்தாலும் ஒண்ணும் தெரியலையே. வெள்ளையால்ல இருக்கு.”

“அவசரப்படாத. புதுசா ஒரு சாப்ட்வேர் போட்டிருக்கேன். அடிக்க அடிக்க மூணு எடத்துல சேவ் ஆயிடும். லேப்டாப்பே தொலைஞ்சாலும் ஒரு வார்த்தைகூடப் போகாது.”

“போறதுக்கு முதல்ல ஒரு வார்த்தை வேணும்ல.”

அது அவர் காதில் விழவில்லை. வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி கையை ஆட்டிக் கூப்பிட்ட பிறகுதான் கழற்றினார்.

“ஏங்க, நம்ம மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மூடிய ஒரு பொம்பள தனியா தூக்க முடியுமா?”

“எப்படி முடியும்? ரெண்டு பேராவது வேணும்.”

“அப்ப வாட்ச்மேனையும் சேத்துக்க வேண்டியதுதான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பேனா மூடியால் டொக் டொக்கென்று குத்தினாள்.

“மூணு வாரமா தொட்டியப் பத்தியே அடிச்சிட்டிருக்கியே. சங்கத்துக் கூட்ட ரிப்போர்ட் இன்னுமா முடியல?”

“தொட்டி விவகாரம் நாம நெனச்ச மாதிரி இல்லீங்க. இழுத்துக்கிட்டே போகுது.”

“சரி, சத்தம் போடாம அடி. நான் முக்கியமான எடத்துல இருக்கேன்.”

முக்கியமான இடம் என்பது, நாவலின் தலைப்பை எந்த எழுத்துருவில் போடுவது என்பது. தலைப்பு இன்னும் வைக்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் ரயில் டிக்கெட் எடுப்பார். ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று குறையும், பயணம் தள்ளிப்போகும். லேப்டாப்பை உயர்த்தி வைக்க மடக்கு ஸ்டாண்ட் வந்தது. உயர்த்தினால் கை எட்டவில்லை, தனி கீபோர்டு வந்தது. அதைச் செருக லேப்டாப்பில் ஓட்டை போதவில்லை, நாலு ஓட்டை உள்ள பெட்டி ஒன்று வந்தது. எல்லாவற்றையும் அள்ளி வைக்கப் பை வந்தது. எழுதும்போது கவனம் சிதறாமலிருக்க ஒரு சாப்ட்வேர் போட்டு, அதைப் பற்றிய வீடியோக்களை இரண்டு வாரம் பார்த்தார். தினம் எத்தனை வார்த்தை எழுதினோம் என்று எண்ணிச் சொல்கிற சாப்ட்வேரை மட்டும் மூன்றாம் நாளே தூக்கிவிட்டார். மரியாதை தெரியாத சாப்ட்வேர் அது.

நடுவில் ஒருநாள் டொக் டொக் சத்தம் நின்றுபோயிருந்தது.

“என்ன, ரிப்போர்ட் முடிஞ்சுதா?”

“முடிச்சு அனுப்பிட்டேன். ஒத்துக்கிட்டாங்க.”

“நல்லது” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பிறந்த நாள் நெருங்க நெருங்க அவர் காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். கேலி செய்யப்போவது மச்சான் ஒருவர் மட்டுமல்ல, மொத்தச் சொந்தமும். நாலு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மனைவி அதைக் கவனித்தாள்.

பிறந்த நாளன்று மச்சான் காலையிலேயே வந்து சோபாவில் சாய்ந்துகொண்டார். “என்ன எழுத்தாளர் மாப்ள, நாவல் எங்க?”

“லேப்டாப்புக்கு மழையில நனையாத உறை ஒண்ணு வரணும் மச்சான். வந்தவுடனே கெளம்பிடுவேன்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

அழைப்பு மணி அடித்தது.

“சார், பார்சல். இந்தத் தடவ பொட்டி சின்னதுதான், கனம் கைய ஒடிக்குது.”

எழுத்தாளர் வழக்கம்போலப் பேனாவை நீட்டினார். கூரியர்காரர் தலையை ஆட்டினார். “நீங்க போடக் கூடாது சார். மேடம் பேருக்கு வந்திருக்கு.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். மச்சான் எழுந்து வந்து பெட்டியைப் பிரித்தார். உள்ளே அச்சு வாசனை போகாத இருபது புத்தகங்கள். அட்டையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பாதி திறந்த மூடி, விளிம்பைப் பிடித்திருந்த ஒரு கை. ‘மொட்டை மாடிக் கொலை’ என்ற தலைப்புக்குக் கீழே மச்சானுடைய தங்கையின் பெயர்.

மச்சான் முதல் பக்கத்தைப் புரட்டி, எழுத்தாளர் பார்க்கும்படி பிடித்தார்.

‘சமர்ப்பணம்: பார்சல் பிரிப்பதிலும் ஹெட்போன் மாட்டிக்கொள்வதிலும் மூழ்கி என்னை நிம்மதியாக எழுதவிட்ட என் கணவருக்கு, அவர் சொன்ன வாக்குத் தவறாமல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு நாவல்.’