தகரக் குழாய் வரைக்கும்

"உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா, ஒச்சம்மா? தகரக் குழாய் வரைக்கும்தான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

லதீஃபாவின் குரல் கொச்சி மட்டாஞ்சேரியின் அந்தச் சந்து முழுவதும் கேட்டது.

கூலிக்குச் சுவர் கழுவ வந்திருந்த ஒச்சம்மாள் மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு நின்றாள். கையில் தேங்காய் நார். காலடியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி.

நோன்பு பிறப்பதற்கு முன்னால் வீட்டை உள்ளும் புறமும் கழுவிவிடுவது லதீஃபாவின் வழக்கம். அந்த வருஷம் மழை நீண்டுபோய், சுண்ணாம்புப் பூச்செல்லாம் பாசி ஏறிக் கறுத்துக் கிடந்தது. அவள் வீட்டுக்கும் பக்கத்துக் கமலாக்ஷி வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை, ஒரே நீளச் சுவர். கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்தான் நடுவில் எல்லை.

ஒச்சம்மாள் அந்தக் குழாயைத் தாண்டி, கமலாக்ஷியின் சுவரில் பாதி வரைக்கும் பவுடர் தண்ணீரை அடித்திருந்தாள்.

"எல்லாம் ஒரே சுவரா இருந்துச்சுக்கா. கை போன போக்குல..."

"கை போன போக்குல வைப்பின் தீவு வரைக்கும் போயிருவியா? ஊரார் வீட்டுச் சுவரைக் கழுவவா உன்னைக் கூப்பிட்டேன்?"

எதிர்வீட்டு நசீபா சாயா கிளாசோடு வாசலுக்கு வந்தாள்.

"இத்தா, நோன்பு வருது. ஒரு துண்டுச் சுவருக்கா இந்தச் சண்டை?"

"சாயா ஆறிடும். குடிச்சிட்டு வேடிக்கை பாரு."

அதற்குள் கமலாக்ஷி வெளியே வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா. புருஷன் போனபிறகு தையல் மெஷினை மட்டும் நம்பி மகள் பாக்கியலக்ஷ்மியை வளர்த்தவள். ஒரு கரண்டி சர்க்கரை கடன் வாங்கினாலும் விளக்கு வைப்பதற்குள் குவித்துத் திருப்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை இடப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டுக்குள்ளே எல்லாவற்றையும் துலக்கிவிட்டாள். ஆள் வைத்துக் கழுவக் கையில் காசில்லாத வெளிச்சுவரைப் பார்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அந்தப் பொம்பளையை எதுக்கு இப்படி ஏசறே, லதீஃபா?"

"உன் சுவரைத் தொட்டுட்டா. நாளைக்கு நீ வந்து என்னைத்தானே கேப்பே?"

"நான் கேட்டேனா?"

"கேக்கவும் வேண்டாம். ஒச்சம்மா, வாளியை எடு. அதை அப்படியே விட்டுட்டு வா."

ஒச்சம்மாள் நகரவில்லை. "அப்படியே விட்டா பவுடர் ஊறிப் பூச்சை அரிச்சிரும்க்கா. நாரால மெல்லத் தேச்சு, நல்ல தண்ணியில அலசி விடணும். பாதியில விட்டா திட்டுத் திட்டா நிக்கும்."

"நின்னா எனக்கென்ன? கம்பி பிரஷ்ஷால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்து சேரு."

கமலாக்ஷியின் முகம் சிவந்துபோயிற்று.

"கம்பியால சுரண்டினா பூச்சே பேந்து வந்துடும். ஞாயித்துக்கிழமை என் வாசலுக்கு ஆள் வர்றது தெரிஞ்சேதானே சொல்றே?"

கமலாக்ஷி ஒச்சம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"ஒச்சம்மா, நீ செஞ்ச தப்பை நீயே முடி. மீதிச் சுவரையும் சேர்த்துக் கழுவிடு. தண்ணி என் தொட்டியில எடுத்துக்கோ. பதிலுக்கு உனக்கு நான் ஒரு ரவிக்கை தெச்சுத் தரேன். அதோட தீர்ந்தது. இவ வீட்டுல இருந்து ஒரு சொட்டும் எனக்கு வேண்டாம்."

லதீஃபா கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

ஒச்சம்மாள் மூக்கை மறுபடி மூடிக் கட்டினாள். கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போனாள். பிறகு மேலிருந்து தண்ணீர் ஊற்றி அலசினாள். குழாய்க்கு இந்தப் பக்கம் லதீஃபாவின் செம்பருத்தி, அந்தப் பக்கம் கமலாக்ஷியின் துளசி. பவுடர் தண்ணீர் படாமல் இரண்டும் சாக்கு போர்த்தி நின்றன.

சாயங்காலம் பார்த்தபோது, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் சுவர் ஒரே வெளுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நோன்பும் பிறந்துவிட்டது. அன்று வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. கமலாக்ஷி சந்தில் வீடு வீடாக உண்ணியப்பம் கொடுத்தாள். கூலி வேலைக்குப் போயிருந்த ஒச்சம்மாளைக்கூட ஆள் விட்டுக் கூப்பிட்டு, ஓர் இலைப் பொட்டலம் கொடுத்தாள். லதீஃபாவின் வாசலை மட்டும் தலை திருப்பாமல் கடந்து போனாள். தினமும் அந்தக் குழாயின் இரண்டு பக்கமும் நின்று மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்.

"வயித்துக்கு மட்டும் நோன்பு பிடிச்சாப் போதுமா? நாக்குக்கும் பிடிக்கணும்," என்று நசீபா லதீஃபாவின் காதில் விழும்படியாகவே சொன்னாள்.

நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஒச்சம்மாள் கொல்லைப்புறமாக வந்தாள். பொட்டலத்தைப் பிரித்து லதீஃபாவின் முன்னால் வைத்தாள்.

"நோன்பு திறக்க எடுத்துக்கங்கக்கா. இதுல உங்களுக்கு இல்லாத பங்கா?"

லதீஃபா ஓர் உண்ணியப்பத்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ரொம்ப ஏசிட்டேனோ, ஒச்சம்மா?"

"நெசமாவே ஏசுறீங்களோன்னு எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு." ஒச்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "குழாயைத் தாண்டி அடிச்சிட்டு முழிச்சிக்கிட்டு நில்லுன்னு சொன்னது நீங்க. அவங்க துளசிக்கு வெள்ளனே எந்திரிச்சு சாக்கு போர்த்தினது நீங்க. கடைசியில கெட்ட பேரும் உங்களுக்கா? நான் போயி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரட்டுமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. லதீஃபா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். சொன்னா அவ கண்ணுக்கு அந்தச் சுவர் மறுபடியும் கறுத்துப் போயிடும்."